மங்கையின் வட்டில் விடுபட்ட ஒற்று

என் மங்கைக்கு,

என் வீட்டுத் தொலைபேசி அடித்தால் இப்போதெல்லாம் நான் ஓடுவதில்லை. முன்பு அடித்தால் பாதி நேரம் நீதான். அதிலும் பாதி நேரம் அதே கேள்விதான். "தனக்கா, இங்க ஒத்து வருமா?" நலம் விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். பள்ளியில் இயற்பியல் நடத்திய உனக்கு, க் எங்கே வரும், ச் எங்கே வரும் என்பது கடைசிவரை பிடிபடவே இல்லை. தமிழ் நடத்திய நான் ஒருத்தி பக்கத்தில் இருந்ததால், பிடிபட வேண்டிய அவசியமும் உனக்கு வரவில்லை.

ஒரு நாள் மட்டும் வேறு கேள்வி கேட்டாய். "தனக்கா, ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லுங்க. வடிவமைன்னா என்ன?" வகுப்பில் கேட்ட மாதிரி நினைத்துக்கொண்டு, உருவம் இல்லாததற்கு உருவம் கொடுப்பது என்றேன். உதாரணம் இல்லாமல் எனக்கு விளக்கத் தெரியாதே. களிமண்ணைக் குடமாக்குவது, துணியைச் சட்டையாக்குவது என்று சொல்லிக்கொண்டே போனேன். "அப்ப கம்ப்யூட்டர்ல ஒரு வட்ட, அதான் டிஸ்க்க, வடிவமைச்சா என்ன ஆகும்?" என்றாய். "ஒழுங்காகும், அழகாகும்" என்றேன்.

நீ சிரித்தாய். உன் சிரிப்புக்குப் பின்னால் இன்னொரு சிரிப்பும் கேட்டது. உன் புதுத் தோழி ரஹ்மத். எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்தக் கேள்விக்குச் சரியான விடை எனக்கு இப்போது தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரர் சுரக்குடி வீட்டில்தான் இருக்கிறார். மகள் கூப்பிட்டும் போகவில்லை. வாசலுக்கு எதிரே நடவு முடிந்து வயல் பச்சையாக நிற்கிறது. அவருக்கு அது பச்சைப் புகையாகத்தான் தெரியுமாம். சர்க்கரை அவர் கண்ணை எடுத்துக்கொண்டது நீ இருக்கும்போதே நடந்தது. ஆனால் நீ இருந்தவரை அவருக்குப் படிப்பு நிற்கவில்லை. ஊரைத் தாண்டாத மனிதர், பயணக் கட்டுரை என்றால் சோற்றை மறப்பவர். நீ பழைய வார இதழ்களைத் தேடிப் பிடித்துப் படித்துக் காட்டுவாய். நீ மருத்துவமனைக்குப் போகத் தொடங்கியபோது, இல்லாத நாட்களுக்காக உன் குரலிலேயே பதிந்து வைத்தாய். சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியில் ஒரு மெமரி அட்டையைச் செருகிக் கொடுத்திருந்தாய். அவர் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பார்.

போன மழையில் கூரை ஒழுகி அந்தப் பெட்டி நனைந்துவிட்டது, மங்கை. அட்டையும் போயிற்று. வெயிலில் வைத்தார்கள், அரிசிப் பானைக்குள் வைத்தார்கள், பேசவில்லை.

போன சனிக்கிழமை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். திருநள்ளாற்றுக் கூட்டத்தில் பேருந்து நகராமல் நின்று, நான் போய்ச் சேர மதியமாகிவிட்டது. உன் அலமாரியைத் தடவி ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். உள்ளங்கை அளவு. நீ கணினியோடு இணைக்கும் வெளிவட்டு. "தனம் டீச்சர், அவ படிச்சதெல்லாம் இதுல இருக்குன்னு சொல்லியிருக்கா. எனக்கு எடுத்துக் குடுங்க. அவ மூஞ்சியே இப்ப சரியா ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. குரலும் போயிடுமோன்னு பயமா இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. அதோடு, சொன்னால் சிரிப்பாய், இன்னொன்றும் வந்தது. என்னைக் கூப்பிட்டாரே. ரஹ்மத்தை அல்ல, என்னை. தலத்தெருவில் என் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெட்டியைக் கைப்பையில் வைத்து, கைப்பையை மடியில் வைத்து, பிள்ளையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தேன்.

ரஹ்மத் எப்படி நம் நடுவில் வந்தாள் என்பதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. உன் நாத்தனார் மகன் பாரிசிலிருந்து வந்தபோது தன் பழைய மடிக்கணினியை உனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அது பிரெஞ்சு விசைப்பலகை. ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும். உள்ளே இருந்த விண்டோஸும் பிரெஞ்சில்தான் பேசியது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய பத்திரங்களில் வரும் இரண்டு மூன்று சொற்களைத் தவிர நம் இருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. "எத அழுத்தினாலும் என்னத் திட்டுற மாதிரியே இருக்கு தனக்கா" என்று சொல்லி அழாத குறையாக நின்றாய்.

கடற்கரையில் உன்னோடு நடக்கும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரஹ்மத் அதைக் கேள்விப்பட்டாள். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடலாம், அது தமிழிலேயே பேசும் என்றாள். போட்டும் கொடுத்தாள். அன்றிலிருந்து மாலை நேரம் உனக்கு அவளோடுதான். கோப்புறை, முனையம், கட்டளை என்று உங்கள் இருவருக்குள் ஒரு பாஷை வந்துவிட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இன்னொன்று. முப்பது வருடமாக நான் உனக்குத் தனக்கா. வாங்க, போங்க, சொல்லுங்க. அவளோடு ஒரே மழைக்காலத்தில் வாடி போடி வந்துவிட்டது. வயதில் அவள் என்னைவிட ஓரிரு வருடம் சின்னவள், அவ்வளவுதான். மரியாதை என்று நீ கொடுத்த அந்த 'ங்க' என்னை எவ்வளவு தூரத்தில் நிறுத்தியது என்று உனக்குத் தெரியுமா?

சரி, வட்டுக்கு வருகிறேன்.

என் கணினி விண்டோஸ். அதைத் தமிழில் மாற்றிவைக்கச் சொல்லி நச்சரித்தது நீதான். "தமிழ் டீச்சர் வீட்டுல கம்ப்யூட்டர் இங்கிலீஷ் பேசுறது நல்லாவா இருக்கு?" என்றாய், மாற்றினேன். வட்டைச் செருகியதும் திரையில் ஒரு சிறு பெட்டி வந்தது. இந்த வட்டைப் பயன்படுத்தும் முன் இதை வடிவமைக்க வேண்டும், வடிவமைக்கவா என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான். வட்டை வடிவமை, ரத்துசெய்.

எவ்வளவு பணிவான கேள்வி, பார். உள்ளே ஏதோ குலைந்து கிடக்கிறது, கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் உன் குரல் வந்துவிடும் என்றுதான் எனக்குப் பட்டது. முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தச் சொல்லில் ஒரு கெடுதலும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ஒருவேளை பயந்திருப்பேன். தமிழில் கேட்டதால் நம்பினேன். சுட்டியை 'வடிவமை' மேலே கொண்டுபோய்விட்டேன்.

அப்போதுதான் உன் கேள்வி நினைவுக்கு வந்தது. கேள்விகூட இல்லை, அதற்குப் பிறகு வந்த சிரிப்பு. அழகாகும் என்று நான் சொன்னதற்கு ஏன் அப்படிச் சிரித்தீர்கள், இரண்டு பேரும்? ஏதோ நான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். நீ திருத்தவில்லை, நான்தான் தொலைபேசியை வைத்துவிட்டேனே. விரலை எடுத்தேன். ரத்துசெய் என்பதை அழுத்தி, வட்டைப் பிடுங்கி, பூஜை அலமாரியில் வைத்துவிட்டேன்.

ரஹ்மத்தைக் கூப்பிட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். அதனாலேயே கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. இணையத்தில் தேடினேன். ஒன்று இதைப் போடு என்றது, இன்னொன்று அதைப் போடாதே என்றது. உன் வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அவசரம் ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றார். அவசரம் இல்லை என்று அவர் சொன்ன விதம் என்னைக் குத்தியது. வைத்த கையோடு ரஹ்மத்துக்கு அடித்தேன்.

வட்டைப் பற்றிச் சொன்னதும் அவள் முதலில் கேட்டது, "வடிவமைன்னு ஏதும் குடுத்துடலியே?"

"இல்லை."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "அல்லாவே. இருங்க டீச்சர், வர்றேன்."

வந்தாள். உனக்குப் பிடிக்கும் என்று நீ அடிக்கடி சொல்வாயே, அந்தப் பணியாரத்தை ஒரு டப்பாவில் கொண்டுவந்தாள். நான் காப்பி கொடுத்தேன், பணியாரத்தைத் தொடவில்லை. வட்டில் ஒன்றும் இல்லை என்று கணினி சொல்கிறதே என்றேன். அவள் விளக்கம் சொல்லாமல் மேசையில் கிடந்த தாளை எடுத்து, வலமிருந்து இடமாக ஒரு வரி எழுதினாள். அரபு எழுத்து. என் பக்கம் திருப்பினாள்.

"படிங்க டீச்சர்."

"எனக்கு அரபி தெரியாது."

"அரபி இல்லங்க. தமிழ்தான். எங்க வீட்டுப் பெரியவங்க இப்படித்தான் எழுதுவாங்க, எழுத்து அரபு, பேச்சு தமிழ். 'தனம் டீச்சர் என்மேல கோவமா இருக்காங்க'ன்னு எழுதியிருக்கேன்."

எனக்கு முகம் சுட்டது. அவள் நிறுத்தவில்லை. "உங்க விண்டோஸ் உங்கள மாதிரி. மங்கை வட்டு லினக்ஸ் முறையில எழுதுனது. விண்டோஸுக்கு அந்த எழுத்து படிக்க வராது. வராதுன்னு சொல்லியிருந்தா பரவாயில்ல. வெத்துத் தாளுன்னு நெனச்சுக்கிட்டு, அழிச்சுக் கோடு போட்டுத் தரட்டுமான்னு கேக்குது. அதுக்குப் பேருதான் வடிவமைக்கிறது."

"லினக்ஸ்?"

"அது என்ன மாதிரி. ரெண்டு எழுத்தும் படிக்கும்."

உதாரணம் சொல்லி விளக்குவது என் வேலை, மங்கை. என் வீட்டில், என் நாற்காலியில், என் தாளில் இவ்வளவு நல்ல உதாரணத்தை அவள் சொல்லிவிட்டாள். உனக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பாள். நீ ஏன் மாலையெல்லாம் அங்கே போனாய் என்று அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது. புரிந்ததால் வயிற்றெரிச்சல் குறையவில்லை, கூடியது.

வழிகளைச் சொன்னாள். ஒரு சிறு பென்டிரைவில் லினக்ஸைக் கொண்டுவந்து என் கணினியை அதிலிருந்தே கிளப்பலாம். நிறுவ வேண்டாம், வேலை முடிந்ததும் பிடுங்கிவிடலாம். அல்லது விண்டோஸுக்கு உள்ளேயே ஒரு லினக்ஸை வைத்துக்கொண்டு, கட்டளை கொடுத்து வட்டை அதனோடு இணைக்கலாம். அல்லது லினக்ஸ் வட்டைப் படிப்பதற்கென்றே விண்டோஸில் ஓடும் ஒரு சிறு செயலியைப் போடலாம். அது படிக்க மட்டும் செய்யும். வட்டில் எதையும் மாற்றாது.

"மூன்றாவது" என்றேன்.

"பென்டிரைவ் சுலபம் டீச்சர். கையிலயே கொண்டாந்திருக்கேன்."

"என் கணினியில் லினக்ஸ் ஏறாது."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பை வாய்க்குள் அடக்கியது தெரிந்தது. "மங்கை சொன்னது சரியாத்தான் இருக்கு" என்றாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது. என்ன சொன்னாய்?

செயலியை இறக்கி வைத்தோம். வட்டைச் செருகியதும் விண்டோஸ் மறுபடியும் வடிவமைக்கவா என்றது, நானே ரத்துசெய்தேன். பிறகு அந்தச் செயலியைத் திறந்தால், கணினியின் வட்டுகளுக்குக் கீழே உன் வட்டும் இருந்தது. நூலகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருக்கும் புத்தகம் மாதிரி என்று வைத்துக்கொள். பார்க்கலாம், நகல் எடுத்துக்கொள்ளலாம். ஓரத்தில் குறிப்பு எழுத முடியாது. இந்த உதாரணம் என்னுடையது. ரஹ்மத்திடமும் சொன்னேன். நல்லா இருக்கு டீச்சர் என்றாள். கொஞ்சம் ஆறியது.

உள்ளே போனோம். கோப்புறைகள் வரிசையாக நின்றன, எல்லாம் தமிழில். "பாருங்க, தமிழ்லயே பேரு வச்சிருக்கா. தமிழ்ல தட்ட நாந்தான் பழக்கிவிட்டேன்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

'படித்துக் காட்டியவை' என்ற கோப்புறையை அப்படியே என் கணினிக்கு நகலெடுத்தோம். முதல் பதிவைத் திறந்ததும் நீ பேசினாய். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, இன்னிக்கு ஆல்ப்ஸ் மலை" என்றாய். நானும் ரஹ்மத்தும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். டப்பாவை அவள் என் பக்கம் தள்ளினாள். ஒன்று எடுத்துத் தின்றேன்.

அவள் போன பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றிலும் அவள் இருக்கிறாள், மங்கை. நீ ஒரு ஊர்ப் பெயரைத் தப்பாகப் படித்தால் பின்னால் ஒரு சிரிப்பு. பனிச்சறுக்கு என்பதற்கு நாக்குப் புரளாமல் நீ தவித்தால் ஒரு சிரிப்பு. "ஏண்டி, கொஞ்சம் சும்மா இருடி" என்று நீ சொல்வது, அதற்கும் ஒரு சிரிப்பு. மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள்தான் இருந்திருக்கிறாள். குரலை ஏற்றி இறக்கிப் படிப்பதற்கென்றே பழகியவள் தலத்தெருவில் சும்மா உட்கார்ந்திருந்தேனே. என்னைக் கூப்பிட உனக்குத் தோன்றவே இல்லையா?

ஒலியை வெட்டும் செயலி ஒன்று என் கணினியில் இருக்கிறது. மேடைப் பேச்சுகளை வெட்ட நானே பழகியது. அலை அலையாக ஒலி தெரியும். சிரிப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம், குத்துக்குத்தாக நிற்கும். அவற்றை மட்டும் எடுத்துவிட்டு, உன் குரலை மட்டும் அவருக்குக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். அவர் கேட்டதும் உன் குரலைத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முடியவில்லை. மனம் வராமல் இல்லை, நிஜமாகவே முடியவில்லை. அவள் சிரிக்கும் இடத்திலெல்லாம் நீயும் சிரிக்கிறாய். ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கிறது. அவளை வெட்டினால் நீயும் போய்விடுகிறாய். படிக்கும் குரலில் நீ ஒரு டீச்சர்தான். சிரிக்கும்போதுதான் மங்கை. வெட்டாமல் மூடிவிட்டேன்.

புதுப் பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு சுரக்குடிக்குக் கொண்டுபோனேன். ரஹ்மத்தையும் கூப்பிட்டேன். வேண்டாவெறுப்பாகத்தான், ஆனால் கூப்பிட்டேன். உன் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தச் சிரிப்பு வந்த இடத்தில் அவரும் சிரித்துவிட்டார். "ரஹ்மத்தம்மா இல்லாட்டி இவ இதப் படிச்சு முடிச்சிருக்கவே மாட்டா" என்றார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "மூஞ்சி வந்துடுச்சு டீச்சர்" என்றார். நான் எழுந்து உன் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இப்போது அந்தக் கோப்புறைகள். ரஹ்மத்துக்குத் தெரியாதது, உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

படித்துக் காட்டியவை, க் இருக்கிறது. பயணக் கட்டுரைகள், க் இருக்கிறது. தோட்டப் படங்கள், பாடப் பதிவுகள், ப் இருக்கிறது. பழைய பாடங்கள், வரக் கூடாது, வரவில்லை. ஒன்றுகூடத் தப்பில்லை. ஒவ்வொன்றும் ஒரு தொலைபேசி அழைப்பு. தட்டப் பழக்கியது அவளாக இருக்கலாம். அந்தப் புள்ளிகள் நான் வைத்தவை. அவள் என் வீட்டில் உட்கார்ந்து பெருமைப்பட்டபோது நான் வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணம். சொன்னால் அதிலும் அவளுக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருக்குமே.

பார்த்துக்கொண்டே கீழே வந்தேன். கடைசியில் ஒன்று. மருத்துவ சீட்டுகள்.

ச் இல்லை.

உன் உடம்புக்கு வந்தது எனக்குத் தெரிந்தபோது நீ மருத்துவமனையில் படுத்திருந்தாய். ரஹ்மத்துக்கு முதலிலேயே தெரியும். அந்த ஒன்றுக்காகத்தான் நான் இத்தனை நாளும் அவளைப் பார்த்துப் புழுங்கினேன், உன்னிடமும் கோபமாக இருந்தேன். அவளிடம் சொல்ல முடிந்தது, என்னிடம் ஏன் முடியவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நீ எனக்கு அடித்து, "தனக்கா, மருத்துவச் சீட்டுகள், ச் வருமா?" என்று கேட்டிருந்தால் நான் என்ன கேட்டிருப்பேன்? யார் சீட்டு, என்ன உடம்புக்கு என்றுதானே? உனக்கு அது தெரியும். தொலைபேசியைக் கையில் எடுத்திருப்பாயோ? எடுத்துவிட்டு வைத்திருப்பாயோ? ஒற்று இல்லாமலேயே எழுதிவிட்டாய். என்னைக் கேட்காமல் நீ எழுதிய ஒரே ஒரு பெயர் அதுதான், தப்பாக இருக்கிறது.

அந்தப் புள்ளியை வைத்துவிடலாம் என்று கை போயிற்று. செயலி விடவில்லை. படிக்க மட்டும்தான் என்றது.

ரஹ்மத்தின் பென்டிரைவைப் போட்டால் திருத்தலாம், எனக்குத் தெரியும். திருத்த மாட்டேன், மங்கை. இது நான் உனக்குத் தரும் வாக்கு. அந்த வட்டு என் பூஜை அலமாரியில் இருக்கும். நகல் ஒன்று ரஹ்மத்திடம், ஒன்று உன் மகளிடம். அந்த ஒரு ச் மட்டும் எல்லா நகலிலும் இல்லாமலேயே இருக்கும். அது ஏன் இல்லை என்று ரஹ்மத்திடமும் சொல்ல மாட்டேன். அவளுக்கு உன் சிரிப்பெல்லாம் இருக்கிறது. இது எனக்கு.

நம் பேச்சை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேலை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணினி ஒரு வட்டைப் பார்த்து வடிவமைக்கவா என்று கேட்டால், ரத்துசெய் என்பதை அழுத்துங்கள். அதை எந்தக் கணினியில் எழுதினார்கள் என்று ஒருவரிடம் கேளுங்கள், உங்களுக்குப் பிடிக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை.

தலத்தெருவிலிருந்து,
உன் ஒத்து அக்கா,
தனம்